ஒரு சின்ன நிலநடுக்கத்துக்கு நேர்த்தி வைத்த ஊர்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் மேலதிகாரி என்னைத் தேடி வந்து, “சேர், உங்கட அனுபவத்தில நல்லதா ஏதாவது பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ” என்று கேட்டார். நல்லதைச் சொன்னால் பத்து நிமிடத்தில் நித்திரை கொண்டுவிடுவீர்கள். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் கொண்டேன். அதனால் மூக்குடைபட்ட கதையைச் சொல்கிறேன். கிணறு வறண்டதால் வேலை போன புவியியலாளரை நான் கண்டதில்லை. தேவையில்லாத நேரத்தில் வாயைத் திறந்து ஓர் ஊரையே கிளப்பிவிட்டவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவரோடு நான் அறுபது வருடத்துக்கு மேலாக ஒரே சட்டைக்குள் இருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். வவுனியாவில் இருந்து குழாய்க்கிணறு அடிக்கும் பிரிவில் எனக்கு இரண்டாவது வருடம். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. மெசின் லொறி வருவதற்கு முன்னால் ஊருக்குப் போய், நிலத்தைப் பார்த்து, இங்கே துளையுங்கள் என்று முளை அடித்துக் காட்டுவதுதான் என் வேலை. துளைப்பவர் பளையைச் சேர்ந்த ஒருவர். அவரை எல்லோரும் பளையார் என்றே கூப்பிட்டோம். அவருக்கு என் படிப்பில் மரியாதை இருந்தது. என் முளையில் இருக்கவில்லை.

அந்த ஊர் ஓமந்தைக்கு மேற்கே, காடு வெட்டி உருவான குடியேற்றம். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் மலையகத் தோட்டங்களை விட்டு வந்த முப்பது குடும்பங்கள். மண் நல்ல மண். உழைப்பாளிகள். தண்ணீர்தான் இல்லை. இரண்டு மைல் நடந்து ஒரு குளத்தில் அள்ள வேண்டும். ஆவணியில் அந்தக் குளமும் எருமைக்கு மட்டும் போதுமான சேறாகிவிடும். நான் போனபோது நாலு குடும்பம் ஏற்கெனவே மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஆட்களின் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போயிருந்தது. இன்னும் ஒரு கோடை இப்படிப் போனால் ஊர் கலைந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த ஊருக்கு மெசின் வந்ததற்குக் காரணம் பாக்கியம் என்ற ஒரு பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். மனுக் கொடுத்தார், பதில் வரவில்லை. திரும்பவும் கொடுத்தார். பிறகு எங்கள் அலுவலக விறாந்தையில் வந்து குந்திக்கொண்டார். அதிகாரி வெளியே வந்தால் எழும்புவார், உள்ளே போனால் இருப்பார். ஒரு கிழமை இப்படி எழும்பி எழும்பி இருந்ததில் அதிகாரிக்குத்தான் முழங்கால் வலித்தது. “அந்தப் பிள்ளைக்கு ஒரு கிணத்தை அடிச்சுக் குடுத்திட்டு வாங்கோ, நான் நிம்மதியாத் தேத்தண்ணி குடிக்கவேணும்” என்று எங்களை அனுப்பிவிட்டார்.

கிடைத்தது ஐந்து நாள். திங்கள் முதல் வெள்ளி வரை. சனிக்கிழமை காலை லொறி பூநகரிக்குப் போயாக வேண்டும். அங்கேயும் ஒரு பட்டியல் காத்திருந்தது. இந்த ஐந்து நாளில் தண்ணீர் வராவிட்டால் அடுத்த முறை எப்போது என்று எவராலும் சொல்ல முடியாது.

இப்போது என் கெட்டித்தனத்தைக் கேளுங்கள். அந்த ஊரின் ஓரத்தில் பற்றைக்காட்டினூடாக நீளமாக ஒரு வெள்ளைக்கல் வரிசை ஓடியது. யாரோ சுண்ணாம்பால் கோடு போட்ட மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் அங்கே பாறை உடைந்து வழுக்கியிருக்கிறது, அந்தப் பிளவில் குவார்ட்ஸ் என்ற பளிங்குக்கல் நிரம்பியிருக்கிறது என்று பார்த்த உடனே விளங்கிவிட்டது. வன்னிப் பாறையில் தண்ணீர் வெடிப்புகளில்தான் இருக்கும். ஆகவே வெடிப்பைத் தேடிப் போனது சரி. அதுவரை என்னில் பிழை சொல்ல ஏலாது.

ஆனால் அந்த மாதம்தான் நான் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் தங்கம் எப்படி உண்டாகிறது என்று வாசித்திருந்தேன். பாதி விளங்கியது. விளங்கிய பாதி என்னை நித்திரை கொள்ள விடவில்லை. இப்படிப்பட்ட பளிங்குக் கோடுகளில்தான் உலகத்தின் பெரிய தங்கச் சுரங்கங்கள் பல இருக்கின்றன. எனக்கு ஓர் ஆசை. அந்தக் கல்லின் உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒருதரம் பார்க்க வேண்டும். அரசாங்கத்தின் மெசின், அரசாங்கத்தின் டீசல். கோட்டின் நடு நெஞ்சில் முளையை அடித்தேன். தண்ணீருக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நானே நம்பியும் விட்டேன்.

பளையார் முளையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தம்பி, இது கல்லில்லை, இரும்பு. என்னட்டைத் துளைக்கிற பிட் மூண்டுதான் கிடக்கு.”

“அண்ணை, வெடிப்பு இதுக்குள்ளதான் இருக்கு.”

“ஓமோம், படிச்சனீர். எனக்கென்ன, நான் துளைக்கிறன்.”

திங்கள் பின்னேரம் முதலாவது பிட் தேய்ந்து மொட்டையானபோது, காற்றோடு மேலே வந்த கல்துகளில் மஞ்சளாக ஏதோ மினுங்கியது. ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. ஒரு கிழவர் அதை உள்ளங்கையில் எடுத்து வெயிலில் பிடித்தார். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகளே, ஓர் ஊரே உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அதை மூடி வைத்திருப்பது பெரிய தவம். எனக்கு அந்தத் தவம் கைவரவில்லை.

அது தங்கமில்லை, இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கல் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் விரிவுரை எடுத்தேன். பூமிக்குக் கீழே கொதிக்கிற தண்ணீர் இருக்கிறது, அதில் கல்லும் தங்கமும் கரைந்து கிடக்கிறது, மேலே பாறை மூடியாக இருப்பதால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்றேன். நிலம் நடுங்கும்போது பாறை சட்டென்று பிளக்கிறது. பிளந்த இடத்தில் அழுத்தம் ஒரேயடியாக இறங்குகிறது. தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, கரைந்திருந்தது எல்லாம் அந்த இடத்திலேயே படிந்துவிடுகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுபோல.

“சேப்டி வால்வு!” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

அது இராமையா. பாக்கியத்தின் கணவர், ஊர்ச் சங்கத்தின் செயலாளர். தோட்டத்தில் இருந்த காலத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தவர். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஐயா சொல்றது நம்ம பாய்லர் கதைதாங்க. பிரஷர் ஏறும், ஏறும், ஏறும். தாங்க முடியாம வால்வு தூக்கும். புஸ்ஸுனு ஆவி போகும். திரும்ப மூடிக்கும். ஒவ்வொரு தரமும் வால்வுல ஒரு பூச்சு படியும். சரிதானுங்களே?”

நான் அசந்துபோனேன். நான் பாதி விளங்கியதை அந்த மனிசன் முழுதாக விளங்கிவிட்டார். சந்தோசத்தில், “அதேதான்! ஒரு நடுக்கத்துக்கு ஒரு மெல்லிய பூச்சு. ஆயிரக்கணக்கான நடுக்கம் வந்தால் ஒரு சுரங்கம்” என்றேன்.

அந்த ஒரு வசனத்துக்காக என்னைப் பிடித்து அந்தத் துளைக்குள் போட்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் போனபோது முதல்நாள் மெசினைச் சுற்றி வரிசையாக இருந்த குடங்களில் ஒன்றையும் காணவில்லை. ஆண்கள் எல்லோரும் வெள்ளைக்கல் வரிசையின் பக்கத்தில் மண்வெட்டியும் அலவாங்குமாக நின்றார்கள். நூறு அடி நீளத்துக்கு இடுப்பளவு ஆழக் குழியாக ஒரு கிடங்கு. அவர்கள் தோட்டத்துக்கு ஆளுக்கொரு வாய்க்கால் வெட்டியிருந்தால்கூட இவ்வளவு வேகம் இருந்திருக்காது.

இராமையா என்னை மரியாதையாக ஓரத்துக்குக் கூட்டிப்போனார். “ஐயா, ஒரு சின்ன உதவி. தண்ணிய கொஞ்சம் தள்ளி எங்கயாச்சும் பாத்துக்குங்க. இது தங்க இடம்.”

நான் சுத்தியலை எடுத்தேன். மினுங்கிய கல்லை எல்லோருக்கும் முன்னால் வைத்து அடித்தேன். கறுப்புத் தூளாகப் போனது. நெருப்புக்குச்சி மணம் வந்தது. “தங்கமென்றால் தகடாகும், தூளாகாது” என்றேன்.

“அப்ப இதில தங்கமே இல்லீங்களா?”

இங்கேதான் நம் தொழிலுக்குப் பிடித்த சனியன் இருக்கிறது. இல்லை என்று சொல்ல நமக்குத் தெரியாது. பல்கலைக்கழகத்தில் அதைச் சொல்லித் தருவதில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அளவில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு” என்றேன்.

இராமையா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “கேட்டீங்களா? இருக்கு. கொஞ்சமா இருக்கு.”

அதன் பிறகு அந்த ஊருக்கு ஒரே ஒரு பிரச்சினைதான் மிஞ்சியது. தங்கம் இருக்கிறது, ஆனால் போதவில்லை. போதாததற்குக் காரணம் என்ன? நடுக்கம் போதவில்லை. பின்னேரம் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று என்னிடம் வந்தது, அடுத்த நிலநடுக்கம் எப்போது என்று கேட்க. ஏதோ நான் ஓமந்தை ஸ்டேசன் மாஸ்டர் மாதிரி. இலங்கையில் அப்படி ஒன்றும் பெரிதாக வருவதில்லை, அதோடு ஒரு பூச்சுக்கும் மறு பூச்சுக்கும் இடையில் நூறு நூறு வருடம் போகும் என்றேன். முகங்கள் வாடிப்போயின. நிலநடுக்கம் வராது என்று சொன்னதற்காக ஓர் ஊர் கவலைப்பட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

புதன்கிழமை காலை பாலை மரத்தடிப் பிள்ளையாருக்கு விசேட பொங்கல். ஊரே கூடிச் சின்னதாக ஒரு நிலநடுக்கம் வேண்டும் என்று நேர்த்தி வைப்பதாகத் தீர்மானம். நான் பொய் சொல்லவில்லை. “சின்னதா” என்ற சொல்லைப் பற்றி முதல்நாள் சங்கத்தில் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. ஓலைக்கூரை தாங்கும், ஆனால் புதிதாகப் போட்ட அடுப்புகள் வெடித்துவிடும் என்று பெண்கள் ஆட்சேபித்திருக்கிறார்கள். ஆடுகள் மிரண்டு காட்டுக்குள் ஓடாத அளவில் இருக்க வேண்டும் என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்திருக்கிறார். கடைசியில் பிள்ளையாரிடம் என்ன அளவில் கேட்பது என்று என்னிடமே ஆள் அனுப்பினார்கள். நான் லொறிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

செவ்வாய் முழுக்க மொட்டைப் பிட்டைக் கழற்றுவதில் மெசினோடு மல்லுக்கட்டிய பளையாருக்கு இந்த விபரம் ஒன்றும் தெரியாது. காலை வெள்ளனவே வந்து இரண்டாவது பிட்டை மாட்டிக்கொண்டிருந்தவர், அங்கே கற்பூரம் காட்டி மணி அடித்த அந்த நேரம் பார்த்து மெசினை முடுக்கிவிட்டார். கொம்பிரசர் உறுமியது. சம்மட்டி வெள்ளைக்கல்லில் இறங்கியது. நிலம் அதிர்ந்தது.

“வந்திருச்சு!”

பொங்கல் பானையைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் என்று சனம் சிதறி ஓடியது. இரண்டு பேர் நேரே கிடங்குக்குள் குதித்துக் கையை விரித்து நின்றார்கள், படிவதைப் பிடிப்பதற்கு. பூசை செய்தவர் மட்டும் அசையவில்லை. “சாமி, போதும், போதும்” என்று கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

பளையார் மெசினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். “என்ன, ஆருக்கும் பாம்பு கடிச்சிட்டுதோ?”

விசயத்தைச் சொன்னேன். அவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். “நான் மெசினைத்தானே போட்டனான்! உமக்கு விசரோ, தம்பி? கிணறு அடிக்க வந்த இடத்தில என்ன கதை கதைச்சு வைச்சிருக்கிறீர்?”

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பின்னேரம் அந்தச் சிரிப்பு போய்விட்டது. நூற்றிருபது அடி. வந்தது வெறும் வெள்ளைத் தூள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. இரண்டாவது பிட்டும் மொட்டை.

வியாழன் காலை பாக்கியம் தனியாக வந்தார். இடுப்பில் வெறும் குடம். திங்களுக்குப் பிறகு அவரை நான் காணவே இல்லை. அந்த இரண்டு நாளும் மற்றப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு குளத்துக்குப் போய்ச் சேற்றைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். ஆண்கள் தங்கம் கிண்டுவதால் அந்த வேலைக்கும் பெண்கள்தான். குடத்தை என் காலடியில் வைத்தார்.

“ஐயா, தண்ணி எங்க?”

நான் பாறையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

“பாறை கதை வேணாங்கய்யா. ரெண்டு வருசம் அலைஞ்சேன். உங்க ஆபீஸ் திண்ணையில ஒரு வாரம் நாய் மாதிரி கெடந்தேன். தண்ணி வரும்னு சொல்லி அஞ்சு குடும்பத்தைப் போக விடாம புடிச்சு வச்சிருக்கேன். நாளைக் கழிச்சு மெசினு போயிரும். நான் அவுங்க மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?”

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஒரு வாரம் விறாந்தையில் குந்தி வாங்கிய மெசினை விடுப்புப் பார்க்கும் என் ஆசைக்காக ஒரு கல்லில் கொண்டுபோய் முட்டவிட்டிருக்கிறேன் என்பது அந்த நிமிடத்தில்தான் முழுதாக உறைத்தது.

பளையார் வந்து நின்றார். “தம்பி, சொல்லும். ஒரு பிட் கிடக்கு. ஒண்டரை நாள் கிடக்கு. இதையே இன்னும் இறக்கிறதோ, வேற இடமோ? வேற இடமெண்டால் எங்கை?”

“இறக்குங்க!” என்றார் கல்லுக் குவியலின் மேல் இருந்த இராமையா. “வால்வு கீழதான் இருக்கு. இன்னும் நூறடி போங்க.” ஆண்கள் எல்லோரும் ஆமோதித்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன், என் மனமும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. இடத்தை மாற்றினால் நான் அடித்த முளை பிழை என்று ஒத்துக்கொள்ள வேண்டும். கீழே போனால் பழியைப் பாறையின் மேல் போடலாம். நம் தொழிலில் அநேகமான ஆழத் துளைகள் இப்படித்தான் ஆழமாகின்றன.

பாக்கியம் என்னை விட்டுவிட்டுக் கணவனின் பக்கம் திரும்பினார். “ஏங்க, கீழ எறங்குங்க. ஒண்ணு கேக்கணும்.”

“பொறவு பேசலாம்.”

“இப்பவே. இவ்வளவு பேரு முன்னாடி கேக்குறேன். நம்ம தோட்டத்து பாய்லர்ல சுண்ணாம்பு படியும்னு பதினஞ்சு வருசமா என் காதுல ஓதுனீங்களே. படிஞ்சு படிஞ்சு குழாய் முழுக்க அடைச்சுப் போச்சுனா, அதுக்குள்ள தண்ணி வருமா?”

இராமையாவின் முகத்தில் தங்கமும் தொழிலும் சண்டை பிடிப்பது தெரிந்தது. கடைசியில் தொழில் வென்றது. பாய்லரைப் பற்றி மட்டும் அந்த மனிசனால் பொய் சொல்ல முடியவில்லை.

“வராது,” என்றார்.

“ஏன் வராது?”

“அதான் அடைச்சுப் போச்சே. முழுசாக் கல்லாப் போயிரும். வெட்டித்தான் எறியணும்.”

“பின்ன தண்ணி எங்க வரும்?”

“மூட்டுல கசியும். குழாய் அடைச்சுப் போனா, பிரஷருக்கு அதை ஒட்டின எடம் வெடிச்சு, பக்கத்துல கசி...” அங்கே நிறுத்திவிட்டார். தான் இருந்த வெள்ளைக்கல் குவியலைக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

பிள்ளைகளே, என் சஞ்சிகையில் இதுவும் இருந்தது. நிலம் நடுங்கிப் பிளவு திறக்கிறது, கல் படிந்து பிளவு அடைபடுகிறது, அடைபட்டதால் அழுத்தம் ஏறித் திரும்பவும் உடைகிறது. தங்கம் படிந்த இடம் என்றாலே அடைபட்ட இடம்தான். நான் தங்கம் படிவதை வாசித்தேன், அடைபடுவதைக் கண்ணால் தாண்டிப் போனேன். பளிங்கு நிரம்பி ஒட்டிக்கொண்ட வெடிப்பின் நடுவில் தண்ணீர் தேடியிருக்கிறேன். அதன் ஓரத்தில், பிறகு வந்த நடுக்கங்கள் உடைத்த பாறையில் அல்லவா தேடியிருக்க வேண்டும்!

ஓடிப்போய்க் கிடங்குக்குள் குதித்தேன். தங்கத்துக்காக அவர்கள் வெட்டிய கிடங்கு. செவ்வாய் முதல் எரிச்சலோடு அதைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறேன், ஒருதரம்கூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. வெள்ளைக்கல்லின் மேற்கு ஓரத்தில் பாறை நொறுங்கி, விரலால் கிள்ளினால் உதிர்கிற மாதிரி இருந்தது. இடுப்பளவு ஆழத்தில், அந்தக் கோடையில், மண் கையில் ஒட்டியது. தங்க ஆசை இல்லாவிட்டால் எந்தச் சங்கமும் எனக்கு இப்படி ஒரு கிடங்கை இலவசமாக வெட்டித் தந்திராது.

கல் வரிசை மேற்கே சாய்ந்து இறங்குவதைப் பார்த்து, அந்தப் பக்கம் பன்னிரண்டு அடி தள்ளி முளையை அடித்தேன். இதுவும் பிழைத்தால் மூன்றாவது முளைக்குப் பிட்டும் இல்லை, நாளும் இல்லை.

“அண்ணை, இங்கை.”

பளையார் முளையைப் பார்த்தார். முதல்தரமாக என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “ஓம்,” என்று மட்டும் சொல்லிவிட்டு லொறியை எடுக்கப் போனார்.

மெசினை நகர்த்தி நிமிர்த்தவே வியாழன் போய்விட்டது. வெள்ளி காலை துளைக்கத் தொடங்கினார்கள். நாற்பது அடி, தூள். அறுபது அடி, தூள். கிடங்கில் ஒருவரும் இல்லை, எல்லோரும் இங்கேதான். பாக்கியம் இடுப்பில் குடத்தோடு, துளையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். எழுபது தாண்டியபோது மெசினின் சத்தம் மாறியது. பளையார் கையை உயர்த்தினார். தூள் நின்றது. குழாயின் வாயில் சாம்பல் நிறத்தில் ஏதோ கொப்பளித்தது, துப்பியது, பிறகு ஒரே பாய்ச்சலாகப் பனை உயரத்துக்குச் சேறு எழும்பி எல்லோர் தலையிலும் கொட்டியது.

நான் அழுதேன். சேறு முகம் முழுக்க இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். பாக்கியம் அந்தச் சேற்றுத் தண்ணீரிலேயே குடத்தைப் பிடித்தார். “தெளியட்டும் அக்கா, பொறுங்கோ” என்றேன். “தெளிஞ்சா தெளியுது, தெளியாட்டிப் போகுது. இது எங்க தண்ணி” என்றார். அரை மணித்தியாலத்தில் தெளிந்தது. இன்னும் ஓர் அரை மணித்தியாலத்தில் முதலாவது சண்டையும் வந்தது, யார் குடம் முன்னால் என்று. பளையார் லொறியில் சாய்ந்து, “இனி இந்த ஊர் கலையாது” என்றார்.

இராமையாவை மட்டும் காணவில்லை.

நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது பாக்கியம் வந்தார். ஒரு கேத்தலில் தேத்தண்ணி, அந்தக் கிணற்றுத் தண்ணீரில் போட்டது. கொஞ்சம் கல் மணந்தது. நான் இரண்டு கோப்பை குடித்தேன்.

“ஐயா, ஒரு உதவி. அவரு சோறு திங்க மாட்டேங்குறாரு. தங்கம் போச்சுனு இல்ல. ஊரையே கெடங்கு வெட்ட வச்சுட்டேனேனு வெக்கம். நீங்க கவர்மெண்டுப் பேப்பர்ல இந்தக் கெணத்தைப் பத்தி எழுதுவீங்கல்ல? அதுல அவரு பேரை ஒரு வரி எழுதிருங்க. பாய்லர்க்கார இராமையா சொல்லித்தான் எடம் பாத்தோம்னு. அது போதும், எந்திரிச்சிருவாரு.”

“கட்டாயம் எழுதுறன்” என்றேன். நெஞ்சாரத்தான் சொன்னேன்.

“போய்ச் சொல்லிரவா?”

“சொல்லுங்கோ.”

போகும்போது திரும்பி நின்றார். “அப்புறம் ஐயா, பூநகரியில தங்கத்தைப் பத்திப் பேசாதீங்க. தண்ணி வந்த பிறகு பேசுங்க.”

அடுத்த கிழமை வவுனியாவில் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். ஆழம், பாறை, நீரின் அளவு. இடம் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டது என்று ஒரு கட்டம். இரண்டு வரிக்கு இடம் இருந்தது. பேனையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் யோசித்தேன். கைவிட்ட துளைக்கு ஒரு விளக்கம் வேண்டும். ஒரு பாய்லர்க்காரரும் அவர் மனைவியும் சொல்லித்தான் சரியான இடம் தெரிந்தது என்று எழுதினால், சம்பளம் தந்து உன்னை எதற்கு வைத்திருக்கிறோம் என்று மேலே கேட்பார்கள். முதலாவது துளை ஆய்வுக்காகப் போட்டது என்றும், இரண்டாவது துளை புவியியல் ஆராய்வின் அடிப்படையில் என்றும் எழுதி, என் கையெழுத்தைப் போட்டேன். அந்த வருடக் கடைசியில் வேலை நிரந்தரமானது. பிளவின் ஓரத்தைத் தெரிந்தெடுத்த நுட்பத்தை அதிகாரி ஒரு கூட்டத்தில் பாராட்டினார். நான் எழும்பி நின்று தலையாட்டினேன்.

மாரி முடிந்து ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். கிணற்றில் கைப்பம்பு பூட்டியிருந்தது. போன நாலு குடும்பத்தில் மூன்று திரும்பி வந்திருந்தது. பம்புக்குப் பக்கத்தில் இராமையா, கையில் கிறீஸ் தகரத்தோடு. பம்பின் பொறுப்பு அவருடையது. எண்ணெய் போடாமல் ஒருவரும் கை வைக்க ஏலாது, குழந்தைகள் தொங்க ஏலாது, அவர் வைத்ததுதான் சட்டம். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். ஊர் நலம் எல்லாம் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஐயா, பேப்பர்ல வந்துச்சுங்களா?”

“ஓம்,” என்றேன். “வந்தது.”

அந்த மனிசனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பம்புக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார். பாக்கியம் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். குடித்தேன்.

பிறகு நாடு போன போக்கில் அந்த ஊர் எங்கே போனது, அவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. தேடியிருக்கலாம். தேடவில்லை. முளை பிழைத்ததற்கு நான் வெட்கப்படவில்லை, முளை எல்லோருக்கும் பிழைக்கும். அந்த இரண்டு வரிக்குத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். ஆகவே, எழுதிக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஓமந்தைக்கு மேற்கே, வெள்ளைக்கல் வரிசையின் மேற்கு ஓரம், பன்னிரண்டு அடி தள்ளி. இடத்தைச் சொன்னவர் பாய்லர்க்காரர் இராமையா. சொல்ல வைத்தவர் பாக்கியம். நான் முளை மட்டும் அடித்தேன்.